பியர் ஈஸ்ட்டை வீட்டிலேயே பெருக்கி, எடுத்துவைத்து, திரும்பப் பயன்படுத்துவது எப்படி?

வீட்டில் பியர் போடுகிறவர்களுக்கு மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியே ஆகவேண்டிய சரக்கு. ஈஸ்ட் அப்படியல்ல. அது உயிருள்ளது. இனிப்பு கிடைத்தால் பெருகும், குளிரில் வைத்தால் அடங்கிக் கிடக்கும். ஒரு பாக்கெட்டை ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டு, அடியில் தங்கியதைச் சிங்க்கில் கொட்டுவது, தயிர் தீர்ந்ததும் பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டு உறைக்குக் கடைக்கு ஓடுவது மாதிரிதான். அதிலும் திரவ ஈஸ்ட்டின் விலை, உலர் ஈஸ்ட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு.

சரி, எதை எடுத்துவைப்பது? புதியவர்களுக்குப் பலரும் முதலில் சொல்லிக்கொடுப்பது, பியர் முடிந்தபின் ஃபெர்மென்டரின் (பியர் நொதிக்கும் பாத்திரம்) அடியில் கிடக்கும் வண்டலை அள்ளுவதை. நான் அதை இரண்டாவதாகத்தான் சொல்வேன். பியருக்குப் பிறகு எடுப்பதைவிட, பியரில் ஊற்றுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துவைப்பது எளிது, சுத்தமும்கூட. அதில் ஹாப்ஸ் தூளும் மால்ட் கசடும் இருக்காது. ஆல்கஹாலின் வீரியத்தில் சோர்ந்துபோன செல்களும் இருக்காது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. பிரிட்டனில் வீட்டுக்குப் பியர் போட 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும், விற்காமல், வாலை வைத்து வடிக்காமல் இருக்கும்வரை தடையில்லை. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

எவ்வளவு ஈஸ்ட் வேண்டும்?

பியர் ஈஸ்ட்டில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஏல் வகைக்கு சாக்கரோமைசஸ் செரிவிசியே. அறை வெப்பத்தில், சுமார் 18 முதல் 22 டிகிரியில் வேலை செய்யும். லாகர் வகைக்கு சாக்கரோமைசஸ் பாஸ்டோரியானஸ். அதற்கு 10 டிகிரி வாக்கில் குளிர் வேண்டும். புதியவர்கள் ஏலில் தொடங்குவதே நல்லது. லாகருக்கு ஏலைப் போல இரண்டு மடங்கு செல்கள் வேண்டும், தனி ஃபிரிட்ஜும் வேண்டும்.

கணக்கு இதுதான். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாறுக்கு வோர்ட் என்று பெயர். ஏலுக்கு, வோர்ட்டின் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும், ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (வோர்ட்டின் இனிப்பை அளக்கும் அலகு) 7.5 லட்சம் செல்கள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 20 லிட்டர் பியர், இனிப்பு 12 பிளேட்டோ (திரவத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ராமீட்டரில் 1.048) என்றால் மொத்தம் 18,000 கோடி செல்கள். திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில், புதிதாக இருக்கும்போது, ஏறக்குறைய 10,000 கோடி இருக்கும். பாக்கெட் பழசாகப் பழசாக அதுவும் குறையும். இடையில் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் ஸ்டார்ட்டர்: சின்ன அளவில் ஹாப்ஸ் இல்லாத வோர்ட் போட்டு ஈஸ்ட்டைப் பெருக்கிக்கொள்வது.

உலர் ஈஸ்ட் வாங்கினால் இந்த வேலை தேவையில்லை. 11 கிராம் பாக்கெட் ஒன்று சாதாரண 20 லிட்டர் ஏலுக்குப் போதும், அப்படியே தூவிவிடலாம்.

கைவசம் இருக்க வேண்டியவை

5 லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்று, அரை லிட்டர் ஜாடிகள் இரண்டு மூன்று, உலர் மால்ட் தூள், சமையலறைத் தராசு, அலுமினியத் தாள், கழுவிவிடத் தேவையில்லாத சானிடைசர். ஈஸ்ட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் காந்தக் கலக்கி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கையால் குலுக்கினால் போதும்.

சுத்தம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்குப் படிந்த ஜாடியில் சானிடைசர் ஊற்றிப் பயனில்லை. முதலில் சோப்போ கார உப்போ போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, அதன்பிறகுதான் சானிடைசர். கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பாக்களைத் தொடாதீர்கள், கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும்.

கிருமி எங்கிருந்து வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அரைத்த மால்ட்டின் தூசியில் லாக்டிக் பாக்டீரியா ஏராளம். ஆகவே மால்ட் அரைக்கும் இடத்தில் ஜாடியைத் திறக்கக் கூடாது. நம் வீடுகளில் இன்னொரு இடம் உண்டு. பொங்கி நிற்கும் இட்லி மாவிலும் அதே இனத்து பாக்டீரியாதான் வேலை செய்கிறது. மாவு கலக்கிய கையோடு ஈஸ்ட் ஜாடியைத் தொட்டால் புளித்த பியர் கிடைக்க வழி உண்டு. மாவு அரைக்கும் நாளும் ஸ்டார்ட்டர் போடும் நாளும் ஒன்றாக வேண்டாம்.

ஸ்டார்ட்டர் போட்டு, பங்கு எடுப்பது

பியர் போடுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே தொடங்குங்கள்.

1. 2 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உலர் மால்ட் தூள். லிட்டருக்கு 100 கிராம் என்பதுதான் மனதில் வைக்க வேண்டிய விகிதம். ஹைட்ராமீட்டரில் 1.037 வாக்கில் காட்டும். ஈஸ்ட் பெருக இந்த இனிப்பு போதும். இதைவிடக் கெட்டியாகப் போட்டால் அதற்குத்தான் கஷ்டம். வெந்நீரில் நேரே கொட்டினால் தூள் கட்டி கட்டியாகத் திரளும், எனவே குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

2. 10 முதல் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் கொதியில் சட்டென்று பொங்கி வழியும். அடுப்பில் ஒட்டினால் பாகாக இறுகிவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

3. மூடி போட்டு, பாத்திரத்தைச் சிங்க்கில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் வைத்து 20 முதல் 24 டிகிரிக்குக் குளிரவையுங்கள். பாத்திரத்தின் பக்கத்தைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது.

4. கிருமி நீக்கிய குடுவைக்கு மாற்றி, ஈஸ்ட் பாக்கெட்டின் வாயையும் கத்தரிக்கோலையும் சானிடைசரில் நனைத்துக்கொண்டு, பிரித்து ஊற்றுங்கள்.

5. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். இறுக்கமான மூடி வேண்டாம். உள்ளிருந்து கரியமில வாயு வெளியேற வேண்டும், கொஞ்சம் காற்றும் உள்ளே போக வேண்டும். பெருகும் கட்டத்தில் ஈஸ்ட்டுக்குப் பிராணவாயு தேவை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குடுவையைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போங்கள்.

அரை நாளில் நிறம் மாறத் தொடங்கும். தெளிந்த தேன் நிறத்தில் இருந்த வோர்ட், பால் விட்ட டீயாகக் கலங்கும். குலுக்கினால் நுரை சீறிக்கொண்டு எழும். பெரிய நுரைக் கொண்டை வருமென்று காத்திருக்காதீர்கள். ஸ்டார்ட்டரில் பலமுறை அது வராமலே வேலை முடிந்துவிடும். 24 முதல் 48 மணி நேரத்தில் சீறல் அடங்கினால் தயார்.

இப்போது முக்கியமான வேலை. குடுவையை நன்றாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் முழுவதும் கலக்கும்படி செய்யுங்கள். கலங்கிய நிலையிலேயே அரை லிட்டரை ஒரு ஜாடியில் ஊற்றுங்கள். கலங்காமல் ஊற்றினால் மேலே மிதப்பவை மட்டும் ஜாடிக்குப் போகும். அவை சீக்கிரம் படியாத வகைச் செல்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்தால், சில தலைமுறையில் தெளியவே தெளியாத பியர்தான் கிடைக்கும்.

அவ்வப்போது குலுக்கி வளர்த்த 2 லிட்டர் ஸ்டார்ட்டரில் தோராயமாக 20,000 முதல் 23,000 கோடி செல்கள் சேர்ந்திருக்கும். அதில் கால்பங்கு, அதாவது ஐயாயிரம் கோடிக்குச் சற்று மேல், ஜாடிக்குப் போயிற்று. மீதி, மேலே போட்ட 18,000 கோடிக் கணக்குக்குச் சற்றுக் குறைவுதான், ஆனாலும் பியருக்குப் போதும். மீதியுள்ள குடுவையை ஓரிரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈஸ்ட் அடியில் வெண்ணிறப் படலமாகப் படியும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலும் இறுத்துக் கொட்டிவிட்டு, அடியில் உள்ளதைக் கலக்கி, பியரில் ஊற்றுங்கள்.

ஜாடியை மூடி, மூடியைக் கால் திருகு தளர்த்தி, ஃபிரிட்ஜில் 2 முதல் 4 டிகிரியில் வைக்கலாம். மூடியை முறுக்கி இறுக்கிவிடாதீர்கள். உள்ளே கொஞ்சம் சர்க்கரை மிச்சமிருந்தாலும் வாயு சேர்ந்துகொண்டே போகும், கண்ணாடி வெடிக்கும். இது பயமாக இருந்தால் காலி சோடா பாட்டில் சிறந்தது. பிளாஸ்டிக் என்பதால் சிதறாது, அமுக்கிப் பார்த்தால் உள்ளழுத்தமும் தெரியும். ஜாடியின் மேல் ஈஸ்ட்டின் பெயர், தேதி, எத்தனையாவது தலைமுறை என்ற மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கூடவே 'குடிக்க அல்ல' என்றும் எழுதலாம். மூன்றாம் வாரத்தில் அது பார்வைக்கு அச்சு அசலாகத் தெளிந்த மோர்தான்.

அடுத்த தடவை இந்த ஜாடிதான் உங்கள் பாக்கெட். ஆனால் அதில் செல்கள் பாக்கெட்டைவிடக் குறைவு, ஃபிரிட்ஜில் இருந்த காலத்தில் சில செத்தும் இருக்கும். ஆகவே 2 லிட்டருக்குப் பதில் 3 லிட்டர் ஸ்டார்ட்டர், 300 கிராம் மால்ட் தூள். மறுபடி கால்பங்கு ஜாடிக்கு. இப்படி ஒரே பாக்கெட்டிலிருந்து நாலைந்து சுற்று தாராளமாகப் போகலாம். அதற்குமேலும் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வீட்டுச் சமையலறையின் சுத்தத்தை நம்பி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொதித்த வோர்ட்டை ஜாடியில் சேமிக்கலாமா?

ஒவ்வொரு முறையும் கொதிக்கவைக்கச் சோம்பல்பட்டு, வோர்ட்டை ஜாடிகளில் அடைத்து அலமாரியில் வைக்கலாமே என்று தோன்றும். சாதாரணமாகக் கொதிக்கவைத்ததை அப்படி வைக்கவே கூடாது. வோர்ட்டின் பிஹெச் 5க்கு மேல் (அதாவது புளிப்பு போதாது), காற்று புகாத ஜாடி, அறை வெப்பம். பொட்டுலினம் பாக்டீரியாவின் வித்து முளைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. 100 டிகிரிக் கொதியில் அந்த வித்து சாகாது. முளைத்து நஞ்சு சுரந்தாலும் நிறத்திலோ மணத்திலோ தெரிந்துகொள்ள முடியாது. ஜாடிகளில் அடைத்துப் பதப்படுத்தவென்றே செய்த, 15 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் பெரிய பாத்திரம் இருந்தால் 121 டிகிரிக்குக் கொண்டுபோய் முறைப்படி செய்யலாம். சாம்பார் பருப்பு வேகும் குக்கரை வைத்து விசில் எண்ணிக்கொண்டிருப்பது அந்த முறை ஆகாது. மிஞ்சிய வோர்ட்டை ஃபிரீசரில் போட்டுவிட்டு, எடுக்கும்போது மறுபடி கொதிக்கவைப்பதே நம்மைப் போன்றவர்களுக்குச் சரி.

ஃபெர்மென்டர் அடியிலிருந்து எடுப்பது

ஸ்டார்ட்டரில் பங்கு எடுக்க மறந்துவிட்டது, அல்லது இந்த வாரமே அடுத்த பியர் போடப் போகிறீர்கள். அப்போது வண்டல் நல்ல வழி. ஸ்லரி என்று சொல்வது இதைத்தான்.

எந்தப் பியரிலிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். 1.060க்கு மேல் தொடங்கிய கனத்த பியர், ஹாப்ஸை நொதித்தலின்போது அள்ளிப்போட்ட பியர், புளிப்பு பியர் ஆகிய மூன்றிலிருந்தும் எடுக்க வேண்டாம். முதலாவதில் ஈஸ்ட் களைத்துப்போயிருக்கும். இரண்டாவதில் ஈஸ்ட்டைவிட ஹாப்ஸ் தூள்தான் அதிகம். மூன்றாவதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

பியரை பாட்டிலுக்கு மாற்றும்போது அடியில் இரண்டு மூன்று விரற்கடை பியரை விட்டுவையுங்கள். அதோடு சேர்த்து வண்டலைச் சுழற்றி, ஜாடிகளில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பார்த்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். மேலே தெளிந்த பியர், நடுவில் வெண்ணெய் நிறத்தில் வழவழப்பான படலம், அடியில் பழுப்பு நிறக் கசடு. நடுவில் இருப்பதுதான் சரக்கு.

கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு இதைக் கழுவ வேண்டும் என்று ஒரு பழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. நான் கழுவுவதில்லை. பியருக்குள் இருக்கும் ஈஸ்ட்டுக்கு இரண்டு காவல் இருக்கிறது: ஆல்கஹாலும் அமிலத்தன்மையும். தண்ணீர் விட்டு இரண்டையும் நீக்கிவிட்டால் பாக்டீரியாவுக்குத்தான் கதவு திறக்கிறோம். கசடு கொஞ்சம் கூடப் போனால் பியர் ஒன்றும் கெட்டுவிடாது. பெரிய மதுக்கூடங்களில் பாஸ்பரிக் அமிலத்தால் பிஹெச் 2க்குச் சற்று மேல் இறக்கி ஈஸ்ட்டைக் கழுவுவதுண்டு. அது வேறு வேலை, பாக்டீரியாவைக் கொல்வதற்காகச் செய்வது.

கெட்டியாகப் படிந்த ஸ்லரியில் மில்லிலிட்டருக்குச் சுமார் 100 கோடி செல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் நம் 20 லிட்டர் ஏலுக்கு 180 முதல் 200 மில்லி போதும். ஒரு டம்ளர்தான். முழு வண்டலின் மேலேயே புது வோர்ட்டைக் கொட்டுகிறவர்களும் உண்டு. நொதித்தல் தாறுமாறாகப் பொங்கி வழியும், ஈஸ்ட் பெருக வேலையே இல்லாததால் அது தரவேண்டிய பழ மணமும் மங்கிப்போகும். கனத்த பியருக்கு வேண்டுமானால் செய்யலாம், சாதாரண ஏலுக்கு வேண்டாம்.

ஒரு வாரத்துக்குள் என்றால் நேரே ஊற்றுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் அளவைக் கூட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போனால் ஸ்டார்ட்டர் போட்டு எழுப்பாமல் ஊற்ற வேண்டாம்.

வரிசையும் கவனிக்க வேண்டும்: லேசானதிலிருந்து கனத்ததுக்கு, வெளிர் நிறத்திலிருந்து கருமைக்கு. முதலில் சாதாரண பேல் ஏல், அதன் ஸ்லரியில் பிரவுன் ஏலோ போர்ட்டரோ, கடைசியாக இம்பீரியல் ஸ்டவுட். அதோடு அந்த ஈஸ்ட்டுக்கு விடைகொடுத்துவிடலாம்.

இங்கிலாந்தின் பழைய ஏல் ஈஸ்ட்டுகள் சில, அடியில் படியாமல் மேலே நுரையாகத் திரளும். அவற்றைக் கரண்டியால் மேலிருந்தே அள்ளலாம். மிகச் சுத்தமான ஈஸ்ட் அதுதான். இந்தக் குணத்தை நம்பித்தான் பர்ட்டன் நகரில் ஓக் பீப்பாய்களை வரிசையாக இணைத்து, பொங்கும் ஈஸ்ட் குழாய் வழியாக மேல்தொட்டியில் விழும்படி ஓர் அமைப்பே வைத்திருந்தார்கள். கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம் 2024இல் அதை நிறுத்தியபோது, ஒரு தொகுதியை டார்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் மதுக்கூடம் எடுத்துக்கொண்டது.

கடையில் வாங்கிய குப்பியிலிருந்து ஈஸ்ட் வளர்ப்பது

சில பியர்களைக் குப்பியிலேயே நொதிக்க விட்டு விற்பார்கள். அடியில் மெல்லிய வண்டல் இருக்கும். அது உயிரோடிருக்கும் ஈஸ்ட். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெயர்போனது அடிலெய்டின் கூப்பர்ஸ். 1862 முதல் இருக்கும் நிறுவனம். குப்பியை மேசையில் உருட்டி, வண்டலைக் கலக்கிக் குடிப்பது அங்கே வழக்கம். ஈஸ்ட் வேண்டுமென்றால் உருட்டாமல் இருங்கள், அவ்வளவுதான்.

சிவப்பு லேபிள் ஸ்பார்க்கிளிங் ஏலைவிடப் பச்சை லேபிள் பேல் ஏல் நல்லது. ஆல்கஹால் குறைவு, ஈஸ்ட் அவ்வளவு சோர்ந்திருக்காது. கிடைப்பதில் புதிய தேதியாகப் பார்த்து இரண்டு மூன்று குப்பி வாங்கி, ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நேராக நிற்க வையுங்கள். குப்பியின் வாயைச் சானிடைசரால் துடைத்து, மேலே உள்ள பியரை மெதுவாகக் கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். அடியில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து, சுழற்றி, ஒரு சின்னக் குடுவையில் சேருங்கள்.

இங்கே அவசரப்படக் கூடாது. செல்கள் கொஞ்சம், பசியோடு பல வாரம் கிடந்தவை. முதலில் 200 மில்லி வோர்ட், அதுவும் பாதிச் செறிவில், லிட்டருக்கு 50 கிராம் தூள் கணக்கில். எழுந்திருக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். கலங்கி, நுரை தெரிந்ததும் 1 லிட்டர் வழக்கமான செறிவு வோர்ட்டுக்கு மாற்றுங்கள். அது அடங்கியதும் 3 லிட்டருக்கு. ஒவ்வொரு படியிலும் முகர்ந்து பாருங்கள், கடைசிப் படியில் மேல் தண்ணீரைக் கொஞ்சம் சுவைத்தும் பாருங்கள். சப்பென்ற பியர் மாதிரி இருந்தால் சரி.

எல்லாக் குப்பியும் இதற்கு ஆகாது. ஜெர்மன் கோதுமை பியர்களில் சில, நொதிக்க ஒரு ஈஸ்ட்டும் குப்பிக்கு வேறு ஈஸ்ட்டும் போடுகின்றன. பெல்ஜியத்தின் ஓர்வாலில் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் இருக்கிறது. அது உங்கள் பிளாஸ்டிக் குழாய்களில் குடியேறினால் கிளப்புவது பெரும்பாடு. செசான் என்ற பெல்ஜிய ஏல் வகையின் ஈஸ்ட்டுகள் சிலவும் அப்படித்தான். மற்ற ஈஸ்ட்டுகள் தொடாத மாவுச்சர்க்கரையையும் தின்றுகொண்டே இருக்கும். ஒரு துளி வேறு பியருக்குள் போனாலும் பாட்டில் வெடிக்கும் அளவுக்கு வாயு சேரலாம். அவற்றுக்குத் தனிக் குழாய், தனி ஜாடி.

மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால்

ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்க்கும் முறையை 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் செய்துகாட்டினார். நிறுவனம் அந்த ஈஸ்ட்டை மற்ற மதுக்கூடங்களுக்கும் கொடுத்தது. இன்றைய வீட்டு முறையும் அதன் சின்ன வடிவம்தான். வோர்ட்டில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் அகர் அகர் (நம் கடைகளில் கடற்பாசி என்று விற்பது) சேர்த்து, சின்னக் குழாய்களில் ஊற்றி, அழுத்தத்தில் கிருமி நீக்கி, சாய்வாக உறையவைத்து, அதன் மேல் ஈஸ்ட்டை மெல்லக் கோடாக இழுப்பது. ஃபிரிட்ஜில் பல மாதம் இருக்கும். இதற்குச் சுடர் விளக்கும் வளையக் கம்பியும் பொறுமையும் வேண்டும். ஜாடி முறையில் நாலைந்து சுற்று கைபழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

எப்போது கொட்டிவிடுவது?

ஜாடியைத் திறந்ததும் மூக்குதான் முதல் சோதனை. ரொட்டி மணம், லேசான பழ மணம், பியர் மணம் எல்லாம் நல்லது. லாகர் ஈஸ்ட்டில் கொஞ்சம் கந்தக வாடையும் இயல்பு. சோயா சாஸ், எரிந்த ரப்பர், இறைச்சி வேகவைத்த தண்ணீர் போல வந்தால் செல்கள் செத்துக் கரைகின்றன என்று பொருள். காடி வாடை, மேலே ஆடை போல வெண்படலம், பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பொட்டு எதுவானாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நடுப்படலம் வெண்ணெய் நிறம் போய்ப் பழுப்பேறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மணம் சரியாக இருந்து, உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால், ஒரு கரண்டி ஈஸ்ட்டை 100 மில்லி வோர்ட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் கலங்கி நுரைக்காவிட்டால் அதை நம்பி 20 லிட்டர் வோர்ட்டைக் காத்திருக்கவைக்க வேண்டாம். வோர்ட் ஆறிய பிறகு ஈஸ்ட் கைவிட்டால் கடைக்கு ஓட நேரம் இருக்காது. அந்த ஒரு நாளுக்காகவே உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை எப்போதும் ஃபிரிட்ஜ் கதவில் போட்டுவையுங்கள், அதன் காலாவதித் தேதியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.